கிரெடிட் கார்டு மினிமம் ட்யூ: கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்க என் முதல் கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். 40,000 ரூபாய். அடுத்த எட்டு மாதமும் குறித்த நாளில் பணம் கணக்கிலிருந்து போனது, 'பணம் பெறப்பட்டது, நன்றி' என்று எஸ்எம்எஸ்ஸும் வந்தது. கடன் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மதிய இடைவேளையில், கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் என் ஸ்டேட்மெண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல வட்டின்னு ஒரு வரி இருக்கே, அதைப் பாத்தியா?" என்று கேட்டார். அதுவரை பார்த்ததில்லை. எட்டு மாதத்தில் ஏறக்குறைய 16,000 ரூபாய் கட்டியிருந்தேன். நிலுவை 38,600 ரூபாய் சொச்சம். கடன் குறைந்தது வெறும் 1,400 ரூபாய்.

அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வருடம் ஆனது. புதிதாகக் கார்டு வாங்கியவர்களும், என்னைப் போல மினிமம் ட்யூ என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்களும் அந்த ஒரு வருடத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவில் வங்கிகள் தரும் கார்டுகளுக்குப் பொருந்தும்.

1. முதலில் காகிதங்களை எடுத்து வையுங்கள்

மொபைல் ஆப்பில் தெரியும் ஒற்றைத் தொகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான்கு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்.

- கடைசி மூன்று மாத ஸ்டேட்மெண்ட், பிடிஎஃப் வடிவில். மின்னஞ்சலில் வந்திருக்கும். திறப்பதற்கான பாஸ்வேர்டு எப்படி அமையும் என்று அதே மின்னஞ்சலில் எழுதியிருப்பார்கள்.
- 'மிக முக்கியமான விதிமுறைகள்' என்ற ஆவணம். எம்ஐடிசி என்பார்கள். கார்டோடு வந்த உறையில் இருக்கும், வங்கியின் இணையதளத்திலும் கிடைக்கும். வட்டி விகிதம், மினிமம் தொகையைக் கணக்கிடும் முறை, லேட் ஃபீஸ் எல்லாம் இதில்தான்.
- ஆட்டோ டெபிட், அதாவது மாதாமாதம் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும் ஏற்பாடு, போட்டிருந்தால் அதன் விவரம்.
- சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மெண்ட். எந்த நாளில் எவ்வளவு போனது என்று ஒப்பிட்டுப் பார்க்க.

இதற்கெல்லாம் செலவு கிடையாது. அரை மணி நேரம் போதும்.

2. மூன்று தேதிகளையும் இரண்டு தொகைகளையும் வட்டம் போடுங்கள்

பொருள் வாங்கிய தேதி, பில் போட்ட தேதி, பணம் கட்டக் கடைசி தேதி. இந்த மூன்றும் வேறு வேறு. பில் கைக்கு வந்ததிலிருந்து, வட்டி ஓடத் தொடங்குவதற்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பல வங்கிகள் 18 முதல் 20 நாள் வரை தருகின்றன.

தொகைகள் இரண்டு: டோட்டல் ட்யூ, மினிமம் ட்யூ. டோட்டல் என்பது அந்த பில் வரைக்குமான முழுக் கடன். மினிமம் பெரும்பாலும் அதில் 5% அளவில் இருக்கும். அதோடு அந்த மாத இஎம்ஐ, ஜிஎஸ்டி, கட்டணங்கள், போன மாதம் கட்டாமல் விட்ட மினிமம் ஆகியவற்றையும் சேர்ப்பார்கள். எதை எவ்வளவு சேர்ப்பது என்பது வங்கிக்கு வங்கி மாறும். அதற்குத்தான் எம்ஐடிசியைப் பார்க்கச் சொன்னேன்.

சம்பளம் மாத முதல் தேதியில் வந்து, கட்டும் தேதி 27 அல்லது 28 என்று இருந்தால், பலருக்கு அந்த நேரத்தில் கையில் பணம் இருக்காது. மினிமம் பக்கம் போக அதுவே ஒரு காரணமாகிவிடுகிறது. பில் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வசதியை வங்கி தந்தாக வேண்டும். கஸ்டமர் கேரிலோ ஆப்பிலோ கேட்டு, சம்பளம் வந்த ஐந்தாறு நாளுக்குள் கட்டும் தேதி வருகிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள்.

3. மினிமம் கட்டினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

கிடைப்பது: லேட் ஃபீஸ் விழாது. தவணை தவறியவர் என்று, நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் போகாது. கார்டு தொடர்ந்து வேலை செய்யும்.

கிடைக்காதது: வட்டியிலிருந்து விடுதலை. ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி இல்லை. நான் தவறியது இங்கேதான். 'மினிமம்' என்ற சொல்லைப் பார்த்து, இந்த மாதத்துக்கு இது போதும் என்று வங்கியே சொல்கிறது போலும் என்று எடுத்துக்கொண்டேன். கார்டை உயிரோடு வைத்திருக்க அது போதும். கடனை அடைக்கப் போதாது.

ஸ்டேட்மெண்டில் ஒரு மூலையில், மினிமம் மட்டும் கட்டிவந்தால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீண்டு கூட்டு வட்டி ஏறும் என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்கும். ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருப்பதால் ஒவ்வொரு பில்லிலும் அது வரும். என் பில்லில் அது இரண்டாம் பக்கத்தில், ரிவார்ட் பாயிண்ட் கட்டத்துக்குக் கீழே இருந்தது.

4. வட்டியை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இதைச் செய்த அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

கார்டு வட்டியை மாதத்துக்கு 3.5%, 3.75% என்று எழுதுவார்கள். பார்க்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஊர்க்கணக்கில் சொன்னால் நூற்றுக்கு மூன்றரை வட்டி. நம் வீடுகளில் 'மூணு வட்டிக்கு வாங்கியிருக்கான்' என்று சொன்னாலே பெரியவர்கள் முகம் மாறும். இது அதையும் தாண்டியது. வருடக் கணக்கில் 42%. வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டியும் உண்டு. ஆக உண்மையில் நீங்கள் கொடுப்பது மாதம் 4.13%, அதாவது நாலு வட்டிக்கும் மேலே.

இப்போது என் ஃப்ரிட்ஜ் கணக்கு. ஜூன் 20 அன்று 40,000 ரூபாய். ஜூலை 15 பில். கட்டக் கடைசி நாள் ஆகஸ்ட் 4. அன்று முழுத் தொகையும் கட்டியிருந்தால் 45 நாள் வட்டியே இல்லாமல் கடன் வாங்கியதாக ஆகியிருக்கும். நான் கட்டியது மினிமம், 2,000 ரூபாய்.

மீதி 38,000 ரூபாய்க்கு ஆகஸ்ட் 4 முதல்தான் வட்டி ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழுவதும் கட்டாத அந்த நொடியில், வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே ரத்தாகிவிடுகிறது. பொருள் வாங்கிய ஜூன் 20 முதல் வட்டி போடுவார்கள்.

- ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 4 வரை 45 நாள், 40,000 ரூபாய்க்கு: 2,071 ரூபாய்
- ஆகஸ்ட் 4 முதல் 15 வரை 11 நாள், 38,000 ரூபாய்க்கு: 481 ரூபாய்
- இரண்டுக்கும் ஜிஎஸ்டி: 459 ரூபாய்

மொத்தம் ஏறக்குறைய 3,012 ரூபாய். ஆகஸ்ட் 15 பில்லில் நிலுவை 41,012. இரண்டாயிரம் கட்டிய பிறகு கடன் ஆயிரம் ரூபாய் கூடியிருந்தது.

அடுத்த மாதம் மினிமம் 2,051 ரூபாய். அதில் வட்டியும் வரியும் தின்றது சுமார் 1,695. அசலில் குறைந்தது 355 ரூபாய் சொச்சம். இதே வேகத்தில், கார்டில் வேறு எதையுமே வாங்காமல், 5% மட்டும் கட்டிக்கொண்டே போனால் கடன் பாதியாகக் குறையவே ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். ஜிஎஸ்டியையும் கட்டணங்களையும் முழுசாக மினிமத்தில் சேர்த்துவிடும் வங்கிகளில் கொஞ்சம் வேகமாகக் குறையும், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 39,000 ரூபாய் கட்டிவிட்டு, 'ஆயிரம்தானே, அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று விட்டால்? இதே கணக்குமுறைப்படி அந்த 45 நாளுக்கு 40,000 ரூபாய்க்கும் வட்டி விழும். மீதி ஆயிரத்துக்கு 11 நாள் வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்த்து 2,459 ரூபாய். ஆயிரத்தை நிறுத்தி வைக்க இரண்டரை ஆயிரம் செலவு. அந்த ஆயிரத்தைக் கைமாத்தாக வாங்கியாவது அன்றே கட்டிவிடுவது நல்லது.

உங்கள் கார்டுக்குச் சூத்திரம் இது: தொகை × நாட்கள் × வருட வட்டி ÷ 365. விடையை 1.18 ஆல் பெருக்குங்கள். ஸ்டேட்மெண்டில் உள்ள வட்டி வரியோடு ஒப்பிடுங்கள். பத்து இருபது ரூபாய் வித்தியாசம் வரலாம். நூற்றுக்கணக்கில் வந்தால் வங்கியிடம் கேளுங்கள்.

5. ஆட்டோ டெபிட்டில் எந்தக் கட்டம் டிக் ஆகியிருக்கிறது?

எனக்கு அடி விழுந்தது இங்கேதான். கார்டு விண்ணப்பத்தை அலுவலகத்துக்கே கொண்டுவந்த விற்பனைப் பிரதிநிதி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மூன்றாம் பக்கத்தில் ஆட்டோ டெபிட் பகுதி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள்: டோட்டல் அமௌண்ட் ட்யூ, மினிமம் அமௌண்ட் ட்யூ. இரண்டாவதில் நீல மையில் டிக். என் பேனா கறுப்பு மை. பின்னால் நகல் வாங்கிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. கையெழுத்து என்னுடையது என்பதால் எதுவும் வாதாட முடியவில்லை.

நெட் பேங்கிங்கிலோ ஆப்பிலோ ஆட்டோ பே பகுதிக்குப் போய் இன்றே பாருங்கள். மினிமம் என்று இருந்தால் டோட்டலுக்கு மாற்றுங்கள். மாற்றம் அடுத்த பில்லிலிருந்துதான் நடப்புக்கு வரலாம் என்பதால், அந்த இடைப்பட்ட மாதம் மட்டும் கையால் கட்டிவிடுங்கள்.

டோட்டலுக்கு மாற்றிய பிறகு இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கட்டும் தேதிக்கு முந்தைய நாளே சேமிப்புக் கணக்கில் முழுத் தொகையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டோ டெபிட் திரும்பிவிடும். சேமிப்புக் கணக்கு வங்கி ஒரு கட்டணம், கார்டு வங்கி ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் பிடிப்பார்கள்.

கையால் கட்டுபவர்களும், பணம் செலுத்தும் திரையில் மினிமம் தொகை முன்கூட்டியே தேர்வாகி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

6. கடன் நிற்கும் வரை அந்தக் கார்டைத் தொடாதீர்கள்

பழைய நிலுவை இருக்கும்போது புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. மளிகை, பெட்ரோல், போன் ரீசார்ஜ், எதுவானாலும் வாங்கிய நாளிலிருந்தே மூன்றரை வட்டி. இது தெரியாமல், 'பாயிண்ட் வருதே' என்று எல்லாச் செலவையும் அதே கார்டில் போடுபவர்கள் உண்டு. ஆன்லைன் கடைகளிலும் உணவு ஆப்களிலும் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரத்தை நீக்குங்கள். மாதாமாதம் தானாகப் போகும் சந்தாக்களை டெபிட் கார்டுக்கு மாற்றுங்கள்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது இன்னும் மோசம். எடுக்கும்போதே தனிக் கட்டணம், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. முழு பில்லையும் ஒழுங்காகக் கட்டுபவருக்கும் இதில் சலுகை இல்லை.

7. அடைக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

41,000 ரூபாய் நிலுவை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

மாதம் நிலையாக 5,000 ரூபாய் கட்டினால், பதினோராவது மாதம் தீரும். மொத்தம் 51,000 ரூபாய் சொச்சம் போகும். மினிமத்தைப் போல மாதாமாதம் தொகையைக் குறைத்துக்கொண்டே வராமல் ஒரே தொகையாகக் கட்டுவதுதான் இதன் பலம்.

நிலுவையை இஎம்ஐயாக மாற்றினால், 15% வட்டி, 12 மாதம் என்ற கணக்கில் மாதத் தவணை சுமார் 3,700 ரூபாய். வட்டி 3,400 ரூபாய் அளவில் வரும், அதற்கு ஜிஎஸ்டி, கூடவே செயலாக்கக் கட்டணம். எல்லாம் சேர்த்தும் முதல் வழியில் போகும் வட்டியில் பாதியைத் தாண்டாது. நான் இதைத்தான் எடுத்தேன். கட்டும் தேதிக்குள் கேட்க வேண்டும். செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, பாதியில் முடித்தால் அபராதம் உண்டா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். தொலைபேசியில் 'வெறும் 1.2% சார்' என்று சொன்னால் அது மாதத்துக்கா, வருடத்துக்கா, மொத்தத் தொகைக்கா, குறையும் அசலுக்கா என்று திருப்பிக் கேளுங்கள். மாதத் தவணை முழுசாக மினிமம் ட்யூவில் சேரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நகைக்கடன் மூன்றாவது வழி. கையில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ வைப்பது கார்டு வட்டியோடு ஒப்பிட மிக மலிவு. ஆதார், பான், நகை இவை போதும், பெரும்பாலும் அன்றைக்கே பணம் கிடைக்கும். ஆனால் நகை வீட்டுடையது என்றால், எதற்காக வைக்கிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள். திருப்பும் தேதியையும் காலண்டரில் குறித்துவிடுங்கள். கடைத்தெரு அடகுக்கடைக்குப் போகும் முன் வட்டியை எழுத்தில் கேளுங்கள்.

ஒரு கார்டின் மினிமத்தை இன்னொரு கார்டிலிருந்து எடுத்துக் கட்டுவதை மட்டும் வழி என்று எண்ணாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி நான்கு கார்டு வரை போனார்.

8. கட்டும் நாளும் நேரமும்

கடைசி நாள் வரை காத்திருப்பதால் எந்த லாபமும் இல்லை. நிலுவை இருக்கும்போது வட்டி தினசரி ஓடுகிறது. கடைசி நாளில் கட்டும் 5,000 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே, 18 நாள் முன்னால் கட்டினால் வட்டியும் வரியும் சேர்த்து 122 ரூபாய் மிச்சம். வருடத்துக்குப் பார்த்தால் நல்ல தொகை. பில் வரும் வரையும் காத்திருக்க வேண்டியதில்லை, மாதத்தில் இரண்டு மூன்று தடவையாகவும் கட்டலாம்.

வேறு வங்கிக் கணக்கிலிருந்தோ பணப்பரிமாற்ற ஆப்களிலிருந்தோ கட்டினால் கார்டில் வரவு விழ இரண்டு மூன்று வேலை நாள்கூட ஆகலாம். கட்டிய ரசீதைப் படம் பிடித்து வையுங்கள். கடைசி தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் லேட் ஃபீஸ் போடலாம், தவணை தவறியதாகத் தகவல் அனுப்பலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மூன்று நாளை அவகாசமாக எண்ணிவிடாதீர்கள். வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை.

ஒரு மாதம் எதுவுமே முடியவில்லை என்றால், அப்போது மட்டும் மினிமத்தைக் கட்டாயம் கட்டுங்கள். 90 நாள் வரை மினிமம்கூடக் கட்டாமல் போனால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதன் பின் வீட்டுக்கடன், வண்டிக்கடன் எல்லாமே சிக்கல்.

9. தகராறு வந்தால்

தவறான வட்டியோ கட்டணமோ விழுந்திருந்தால் கஸ்டமர் கேரில் பேசுவதோடு நிற்காமல் மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் இலவசமாகப் பதியலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஸ்டேட்மெண்ட், உங்கள் கணக்கு, மின்னஞ்சல் நகல், புகார் எண் இவற்றை இணைத்தால் போதும். வக்கீல் தேவையில்லை.

பாக்கி கேட்டு அழைப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டினால் தேதி, நேரம், எண் மூன்றையும் எழுதி வைத்து அதையும் புகாரில் சேருங்கள்.

10. முழுசாகக் கட்டிய பிறகும் ஒரு பில் பாக்கி இருக்கிறது

பலரும் மனம் உடைந்து போகும் இடம் இது. முழு நிலுவையும் கட்டி முடித்து நிம்மதியாக இருக்கும்போது அடுத்த பில்லில் மறுபடியும் ஒரு வட்டி வரும். பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது. 40,000 ரூபாய் பில்லை 20 நாள் கழித்துக் கட்டினால் ஜிஎஸ்டியோடு 1,086 ரூபாய் வரை இருக்கும். ஏமாற்று இல்லை, முன்பே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் அந்தச் சின்னத் தொகைக்கு மறுபடி வட்டி, லேட் ஃபீஸ் என்று ஆரம்பமாகும். அதனால் முழுசாகக் கட்டும் முன், 'இன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு கட்டினால் கணக்கு பூஜ்யமாகும்' என்று கஸ்டமர் கேரில் கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள். அப்படியும் அடுத்த இரண்டு ஸ்டேட்மெண்டைத் திறந்து பாருங்கள்.

கார்டே வேண்டாம் என்றால், நிலுவை இல்லாத நிலையில் மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. நோ ட்யூ சர்டிபிகேட்டையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஓரிரு மாதம் கழித்து சிபில் அறிக்கை எடுத்து, அந்தக் கணக்கு மூடப்பட்டது என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம்.

நான் கார்டை மூடவில்லை. கடைசித் தவணை கட்டி இரண்டாவது மாதம் வந்த ஸ்டேட்மெண்டில் வட்டி என்ற வரியில் 0.00 என்று இருந்தது. அதைக் கணக்குப் பிரிவு அக்காவிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "ஆட்டோ டெபிட் டோட்டல்லதானே இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.